மன்னாரில் ‘வெற்று நிலம்’ எங்கே இருக்கிறது? செப்டெம்பர் குருவிகளும் காணி அரசியலும்

செப்டெம்பர் நடுப்பகுதியில் மன்னார்த் தீவில் சோளகக் காற்று முழுதாக அடங்கியிருக்காது. தென்கடல் இன்னும் கொந்தளிப்பாகவே இருக்கும். அந்த நாட்களில் அதிகாலை ஆறு மணிக்குப் பேசாலையைத் தாண்டித் தலைமன்னார் வீதியில் போகிறவர்கள், பனைகளுக்கு இடையே உள்ள மேய்ச்சல் தரையைச் சற்று நின்று பார்க்கலாம். மாடுகளின் கால்களுக்கு இடையில் மஞ்சள் வயிற்றுடன் ஒரு சிறு குருவி வாலை மேலும் கீழும் ஆட்டியபடி ஓடித் திரியும். மாடு காலை எடுத்து வைக்கும்போது புல்லிலிருந்து எழும் பூச்சிகளை அது பிடித்துத் தின்னும். மஞ்சள் வாலாட்டி என்பது அதன் பெயர். எடை ஏறத்தாழ 17 கிராம். முதல் நாள் மாலை அதே இடத்தில் அது இருந்திருக்காது. இரவோடு இரவாக வந்து இறங்கியிருக்கும்.

சைபீரியாவிலும் மொங்கோலியாவிலும் உள்ள ஈரப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, இந்தியத் துணைக்கண்டத்தின் நீளம் முழுவதையும் கடந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடலையும் தாண்டி அது இங்கே வருகிறது. இந்தக் கடலை எந்த நிலைமையில் கடக்க நேரிட்டது என்பதை மன்னார் மக்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1980களிலிருந்து போரின் கடைசி ஆண்டுகள் வரை இரவில் படகேறி இராமேஸ்வரம் கரைக்குப் போனவர்களில் பெரும் பகுதியினர் இந்தக் கரையிலிருந்தே புறப்பட்டார்கள்.

இந்தக் கட்டுரை பறவைகளின் அழகைப் பற்றியது அல்ல. இந்தக் குருவி இறங்கும் நிலத்துக்கு அரசாங்க ஆவணங்களிலும் கம்பனிகளின் திட்ட வரைபடங்களிலும் என்ன பெயர் வைக்கப்படுகிறது என்பதைப் பற்றியது. ‘பயன்படுத்தப்படாத நிலம்’, ‘தரிசு’, ‘வெற்றுக்காணி’ என்ற சொற்கள்தான் அங்கே வருகின்றன. போரினால் இடம்பெயர்ந்து ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தவர்களுக்கும் இந்தச் சொற்கள் புதியவை அல்ல. அவர்களுடைய வயலுக்கும் தோட்டத்துக்கும், பற்றை மண்டிக் கிடந்த வீட்டு அத்திவாரத்துக்கும் இதே பெயர்தான் வைக்கப்பட்டது.

இரவில் வருபவை

மன்னார் என்றவுடன் பறவை ஆர்வலர்கள் பூநாரைகளைப் பற்றித்தான் பேசுவார்கள். தாம்போதியின் இருபுறமும் நீருக்குள் நிற்கும் பறவைக் கூட்டங்களைப் படம்பிடிக்கத் தெற்கிலிருந்து வாகனங்களில் ஆட்கள் வருகிறார்கள். அவை பெரியவை. பகலில் தெரிபவை. எண்ணுவதற்கும் இலகுவானவை.

புல்வெளிக் குருவிகளின் கதை வேறு. வாலாட்டி, நெட்டைக்காலி, பழுப்புக் கீச்சான் போன்ற சிறு பறவைகள் இரவிலும் நீண்ட பயணம் செய்கின்றன. இரவில் காற்று குளிர்ந்திருக்கும், பருந்துகளின் தொல்லை இருக்காது, விண்மீன்களையும் பூமியின் காந்தப்புலத்தையும் வைத்துத் திசை அறியலாம். பகலில் இறங்கி இரை தேடி, உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, மறுபடியும் இருட்டியதும் கிளம்பும். தகைவிலான் குருவியும் சூறைக்குருவியும் பகலிலேயே பறப்பவை. சூறைக்குருவிகள் கசகஸ்தான் பக்கத்துப் புல்வெளிகளில் வெட்டுக்கிளிகளைத் தின்று குஞ்சு வளர்த்துவிட்டு, இளஞ்சிவப்பு முதுகும் கறுப்புத் தலையுமாக மைனாக் கூட்டம் போல வந்து இறங்குகின்றன. நெட்டைக்காலி என்பது மண்நிறக் கோடுகளுடன் நீண்ட கால்களில் நிமிர்ந்து நடக்கும் சிறு குருவி. வானம்பாடி என்று பலர் அதையே தவறாகச் சொல்வதுண்டு.

வடக்கிலிருந்து வரும் பறவைகள் இலங்கைக்குள் நுழையும் முக்கிய வாசல்களில் மன்னார் ஒன்று. மத்திய ஆசிய வான்பாதை எனப்படும், 30 நாடுகளை உள்ளடக்கிய பெரும் பாதையின் தென்முனையில் அது இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சம்பத் செனவிரத்ன தலைமையிலான குழுவினர் மன்னாரில் பிடித்து ஜிபிஎஸ் கருவி பொருத்திவிட்ட கடற்காகங்களில் ஒன்று, ரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதியில் உள்ள யமால் தீபகற்பம் வரை சென்றது பதிவாகியிருக்கிறது. ஆனால் 17 கிராம் குருவியின் முதுகில் அப்படியான கருவியை ஏற்ற முடியாது. அதனால் பெரிய பறவைகளின் பாதை வரைபடத்தில் ஏறுகிறது. சிறியவை எங்கே இறங்கின, எத்தனை வந்தன, எத்தனை திரும்பின என்பது கண்ணால் பார்த்து எண்ணுகிறவர்களை நம்பியே இருக்கிறது.

இங்கே நிரந்தரமாக வாழும் குருவிகளும் இருக்கின்றன. நீண்டவால் கீச்சானை மன்னாரிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் காணலாம், இலங்கையின் ஏனைய பகுதிகளில் காண்பது மிக அரிது. சாம்பல் தலை வானம்பாடியும் புதர் வானம்பாடியும் தரையிலேயே கூடு கட்டுபவை. குளம்படி போன்ற ஒரு சிறு பள்ளத்தில் இரண்டு மூன்று முட்டைகள் இருக்கும். வரைபடத்தில் ‘வெற்று’ என்று குறிக்கப்பட்ட இடத்தில்தான் அந்தப் பள்ளம் இருக்கிறது.

வரைபடத்தில் இல்லாத புல்வெளி

காடு என்றால் மரம் என்றும், ஈரநிலம் என்றால் தண்ணீர் என்றும் நமக்குப் பழகிவிட்டது. புல்வெளியை ஒரு தனி வாழிடமாக நாம் நினைப்பதே இல்லை. ஆனால் வங்காலைச் சரணாலயம் பற்றிய ராம்சார் விபரத்தைப் படித்தால் வேறு படம் கிடைக்கும். 2008ஆம் ஆண்டு சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டு, 2010இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்ட அந்த 4,839 ஹெக்டெயர் பரப்பில் முட்புதர்க்காடு, மணற்குன்று, கண்டல், உவர்ச்சதுப்பு, களப்பு, கடற்புல் தரை ஆகியவற்றோடு வறண்ட வலய மேய்ச்சல் தரையும் கடலோரப் புல்வெளியும் தனித்தனியாகப் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. 20,000க்கும் அதிகமான நீர்ப்பறவைகளைத் தாங்கும் இடம் என்பதால் அது புகழ்பெற்றது. அதே பட்டியலில் உள்ள புல்வெளியைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

சரணாலய எல்லைக்கு வெளியே, தீவின் பெரும் பகுதியில், இந்தப் புல்வெளிக்கு எந்தச் சட்டப் பெயரும் கிடையாது. தாழ்வுபாடு, எருக்கலம்பிட்டி, தோட்டவெளி, கரிசல், பேசாலை ஆகிய ஊர்களைச் சுற்றிப் பனைகளுக்கு நடுவிலும், மழைக்காலத்தில் நீர் தேங்கி வெயிலில் காய்ந்துவிடும் பள்ளங்களிலும், கரையோர வாடிகளுக்குப் பின்னாலும் சிறு சிறு துண்டுகளாக அது கிடக்கிறது. ஆடு, மாடு, கட்டாக்காலிக் கழுதை எல்லாம் அங்கேதான் மேய்கின்றன. விறகு பொறுக்குவதும் கருவாட்டுக்கு மீன் காயவைப்பதும் அங்கேதான். பருவகால மீனவர்கள் வாடி அடிப்பதும் அதன் ஓரத்தில்தான். ஆனால் இந்தப் பயன்பாடுகள் எவையும் உறுதியில் எழுதப்படுவதில்லை. எழுதப்படாத பயன்பாடு, திட்டமிடுகிறவரின் மேசைக்கு வரும்போது ‘பயன்பாடு இல்லை’ என்று மாறிவிடுகிறது.

முப்பது கிலோமீற்றருக்கும் குறைவான நீளமுள்ள இந்தத் தீவின் பல இடங்கள் கடல்மட்டத்தை ஒட்டியே இருக்கின்றன. அதன் மீது இப்போது இரண்டு பெரும் தொழில்களின் கண் விழுந்திருக்கிறது. ஒன்று காற்று, மற்றது மணல். அவுஸ்திரேலிய நிறுவனமான டைட்டேனியம் சாண்ட்ஸ் பல ஆண்டுகளாகத் தீவின் மணலில் இல்மனைட் உள்ளிட்ட கனியங்களை அளவிட்டு வந்திருக்கிறது. அகழ்வுக்கான முன்னேற்பாட்டு அளவீடுகளுக்கு வந்த அதிகாரிகளை ஊர் மக்கள் தடுத்துத் திருப்பியனுப்பிய சம்பவங்களும் நடந்திருக்கின்றன. மணலைத் தோண்டினால் முதலில் போவது மேற்பரப்பில் உள்ள புல்லும் அதன் கீழே உள்ள நன்னீர்ப் படையும்தான். தீவில் குடிநீர்க் கிணறுகள் அந்த மெல்லிய நன்னீர்ப் படையை நம்பியே இருக்கின்றன.

காற்றாலையும் கணக்கெடுப்பும்

காற்றாலை விடயத்தில் நியாயமாகப் பேச வேண்டும். 2022இல் நாளுக்குப் பல மணிநேரம் மின்சாரம் இல்லாமல் இருந்த நாடு இது. டீசலுக்கும் நிலக்கரிக்கும் டொலர் இல்லாமல் தவித்தோம். காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பது தவறு என்று யாரும் சொல்ல முடியாது. காலநிலை மாற்றத்தால் கடல் உயரும்போது முதலில் பாதிக்கப்படும் இடங்களில் மன்னாரும் ஒன்று. எனவே கேள்வி காற்றாலை வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. எந்த இடத்தில், யாரைக் கேட்டு, எதை எண்ணிவிட்டு என்பதே கேள்வி.

2020 டிசம்பரில் திறக்கப்பட்ட ‘தம்பபவனி’ காற்றாலைப் பூங்கா தீவின் தென்கரையில் 30 கோபுரங்களைக் கொண்டது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் இலங்கை மின்சார சபை அமைத்த அதன் கொள்ளளவு 103.5 மெகாவாட். அதன் பின் மன்னாரிலும் பூநகரியிலுமாக 484 மெகாவாட் கொண்ட இன்னொரு திட்டத்துடன் இந்தியாவின் அதானி குழுமம் வந்தது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு வெளியானதும் வனஜீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் உள்ளிட்ட சூழலியல் அமைப்புகள் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றன. அந்த வழக்குகளில் விலையும் கேள்விவிலைமனு நடைமுறையும் பேசப்பட்டன, வலசைப் பறவைகளும் பேசப்பட்டன. 2025 பெப்ரவரியில் அதானி குழுமம் தானாகவே விலகிக்கொண்டது. விலை தொடர்பான மீள்பேச்சே அதற்குப் பின்னணியாக இருந்தது. பறவைகள் தொடர்பான கேள்விக்கு விடை கிடைக்காமலே அந்த அத்தியாயம் மூடப்பட்டது.

பின்னர் உள்ளூர் நிறுவனங்களின் இரண்டு சிறிய திட்டங்கள் வந்தன. மொத்தம் 14 கோபுரங்கள். 2025 ஓகஸ்ட் தொடக்கத்தில் மன்னார் நகரில் மக்கள் போராட்டத்தில் அமர்ந்தார்கள். ஜனாதிபதியுடனான சந்திப்பையடுத்து ஒரு மாத காலம் பணிகள் நிறுத்திவைக்கப்பட்டன. அந்தக் காலம் முடிந்ததும் பணிகளைத் தொடர உத்தரவு வந்தது. செப்டெம்பர் 26ஆம் திகதி இரவு பொலிஸ் பாதுகாப்புடன் காற்றாலைப் பாகங்கள் தீவுக்குள் கொண்டுவரப்பட்டபோது மறித்து நின்ற மக்கள் மீது பலம் பிரயோகிக்கப்பட்டது. பெண்களும் மதகுருமாரும் தாக்கப்பட்டதாக மக்கள் முறையிட்டனர். 29ஆம் திகதி மாவட்டத்தில் பொது முடக்கம் நடந்தது.

அந்த இரவு எந்த மாதத்தில் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சிறு பறவைகள் வடக்கிலிருந்து கடல் தாண்டி இறங்கத் தொடங்கும் வாரங்கள் அவை. செப்டெம்பர் இறுதியிலும் ஒக்டோபரிலும் இந்த வருகை பெருகும்.

காற்றாலைக்கும் சிறு குருவிக்கும் இடையிலான ஆபத்து எங்கே இருக்கிறது என்பதில் ஒரு நுட்பம் உண்டு. தெளிந்த வானத்தில் வலசை போகும் சிறு பறவைகள் பெரும்பாலும் காற்றாலை இறக்கைகளின் உயரத்துக்கு வெகு மேலே பறந்து போய்விடுகின்றன. அதை வைத்து ‘பாதிப்பு குறைவு’ என்று எழுதிவிட முடியும். ஆனால் கடலைத் தாண்டிக் களைத்து வரும் பறவை முதல் கரையைக் கண்டதும் கீழே இறங்குகிறது. முகில் தாழ்ந்து மழை தூறும் இரவுகளில் இன்னும் தாழப் பறக்கிறது. வெளிச்சம் தெரிந்தால் அதை நோக்கி வந்து சுழல்கிறது. நம் ஊர்களில் ஆறுமணிக்குருவி என்றும் தோட்டக்கள்ளன் என்றும் சொல்லும் வண்ணக் குருவி ஒக்டோபரில் வந்திறங்கும்போது, வெளிச்சத்தில் மயங்கி வீடுகளுக்குள் புகுந்து சுவரில் மோதி விழுவது பலர் கண்டது. உயரத்தில் பாதுகாப்பாக இருந்த பறவை, இறங்கும் கரையில்தான் இறக்கையின் உயரத்துக்கு வருகிறது. மன்னார்த் தீவு முழுவதுமே அப்படிப்பட்ட இறங்குகரைதான்.

அடுத்தது மோதலை விட அமைதியான இழப்பு. ஒவ்வொரு கோபுரத்துக்கும் ஒரு தளம், ஒரு அணுகுவீதி, மின்கம்பி வரிசை தேவை. வீதிக்காக மண் நிரப்பி உயர்த்தினால் மழைநீர் போகும் வழி மாறுகிறது. தம்பபவனி வந்த பிறகு தாங்கள் முன்பு கண்டிராத இடங்களில் வெள்ளம் நிற்பதாகத் தீவு மக்கள் தொடர்ந்து முறையிட்டு வருகிறார்கள். நீர் நிற்க வேண்டிய பள்ளம் காய்ந்தாலும், காய வேண்டிய புல்வெளி நீரில் மூழ்கினாலும் புல்வெளிக் குருவிக்கு அங்கே இடமில்லை. வீட்டுக்குள் வெள்ளம் வரும் குடும்பமும் தரைக்கூடு நனையும் வானம்பாடியும் ஒரே வாய்க்காலின் அடைப்பால் பாதிக்கப்படுகின்றன.

இவற்றையெல்லாம் ஒரு மதிப்பீடு எப்படிப் பிடிக்க வேண்டும்? வரவுக் காலம் முழுவதும், அதாவது ஓகஸ்ட் கடைசி முதல் நவம்பர் வரை, இரவிலும் பகலிலும், குறைந்தது இரண்டு பருவங்களாவது பார்க்க வேண்டும். காற்றும் மழையும் ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை. பகலில் சில நாட்கள் நடந்து பார்த்து, கண்ட இனங்களின் பட்டியலைப் பின்னிணைப்பாகப் போடுவது இதற்கு ஈடாகாது.

செய்ய முடியாத காரியம் எதையும் நாம் கேட்கவில்லை. 2023 மே மாதம் நெதர்லாந்து அரசாங்கம் பறவைகளின் பெரும் வலசை ஒன்று எதிர்பார்க்கப்பட்ட இரவில், தன் கடலில் உள்ள இரண்டு காற்றாலைப் பூங்காக்களை நான்கு மணிநேரம் ஏறத்தாழ நிறுத்திவைத்தது. இறக்கைகள் நிமிடத்துக்கு இரண்டு சுற்றுக்கு மேல் சுழலவில்லை. முன்கூட்டியே கணித்து, மின்விநியோகத்தைச் சரிசெய்து, சில மணிநேரம் நிறுத்தினார்கள். பணக்கார நாடு என்பதால் மட்டும் அது முடியவில்லை. எந்த இரவில் பறவை வரும் என்ற தரவு அவர்களிடம் இருந்தது. மன்னாரில் அந்தத் தரவு பொதுமக்கள் பார்க்கக்கூடிய இடத்தில் இல்லை.

பாதுகாப்பு என்ற பெயரில்

இந்த இடத்தில் வாசகர்களில் சிலருக்கு எழும் சந்தேகம் நியாயமானது. ‘பறவையைக் காப்பாற்றுங்கள் என்று நாமே சொன்னால், நாளைக்கு வனஜீவராசிகள் திணைக்களம் வந்து எங்கள் காணியில் எல்லைக்கல் போடாதா?’ வடக்கில் வாழும் எவரும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள், போர் முடிந்தபின் முசலிப் பிரதேசத்துக்குத் திரும்பி வந்தபோது ஊர்களில் காடு வளர்ந்திருந்தது. 2012இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கத்துக் காணிகள் வர்த்தமானி மூலம் ஒதுக்கக் காடுகளாக அறிவிக்கப்பட்டன. 2017 மார்ச்சில் அவற்றை ஒன்றுசேர்த்து 40,030 ஹெக்டெயர் கொண்ட மாவில்லு பேணற்காடு பிரகடனப்படுத்தப்பட்டது. இருபதாண்டுகளுக்கு மேலாகத் தாம் இல்லாத காலத்தில் வளர்ந்த மரங்களை வைத்துத் தம் ஊரைக் காடு என்று சொல்கிறார்கள் என அந்த மக்கள் போராடினார்கள். 2007இல் இடம்பெயர்க்கப்பட்ட முள்ளிக்குளம் மக்கள் திரும்பியபோது ஊரில் கடற்படை முகாம் இருந்தது. 2017இல் அவர்கள் நடத்திய தொடர் போராட்டத்தின் பிறகே ஒரு பகுதிக் காணி விடுவிப்பதாக அறிவிக்கப்பட்டது.

மக்கள் மீது இவ்வளவு இறுக்கமாக நிற்கும் அதே பாதுகாப்புச் சட்டம் முதலீட்டாளர் வரும்போது எப்படி வளைகிறது என்பதையும் இந்த மாவட்டமே கண்டது. 2016இல் இயற்கை ஒதுக்கிடமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட விடத்தல்தீவில், 168 ஹெக்டெயரை இறால் வளர்ப்புக்காக விடுவித்து 2024 மே மாதம் வர்த்தமானி வெளியிடப்பட்டது. சூழலியல் அமைப்புகள் உயர் நீதிமன்றத்துக்குப் போன பின்னரே அது தடுக்கப்பட்டது. வீடு கட்டவும் விதைக்கவும் திரும்பி வந்தவருக்குக் காடு. இறால் வளர்க்க வருபவருக்கு வெற்று நிலம். எந்தச் சொல் யாருக்குப் பயன்படுத்தப்படும் என்பதை நிலத்தின் இயல்பு தீர்மானிக்கவில்லை.

பறவைகளைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும். கொழும்பிலிருந்து வரும் சூழலியல் குரல்களில் பல நேர்மையானவை. ஆனால் காணி மீட்புப் போராட்டத்தின்போது அவற்றில் சில மக்களை ‘அத்துமீறிக் குடியேறியவர்கள்’ என்றே விளித்தன. அந்த வடு இன்னும் ஆறவில்லை.

பரத்பூர் தந்த பாடம்

மனிதரை அகற்றினால் பறவை வாழும் என்ற நம்பிக்கை தவறிப்போன இடம் ஒன்று இந்தியாவில் இருக்கிறது. இராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கியோலாடியோ பறவைகளுக்கு உலகப் புகழ்பெற்ற ஈரநிலம். அது தேசியப் பூங்காவாக்கப்பட்டபோது, 1982இல் சுற்றியுள்ள கிராமத்து எருமைகள் உள்ளே மேய்வது தடைசெய்யப்பட்டது. எதிர்த்து நின்ற கிராமத்தவர்கள் பொலிஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தார்கள். அதே காலப்பகுதியில் அங்கே பத்தாண்டு ஆய்வை நடத்திய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கடைசியில் கண்டறிந்தது இதுதான்: எருமைகள் மேய்வதை நிறுத்தியதும் ஒருவகை நீர்ப்புல் அடர்ந்து பரவி, திறந்த நீர்ப்பரப்பை மூடி, பறவைகளுக்கே இடமில்லாமல் செய்தது. மேய்ச்சல் அந்த நிலத்தின் பகுதியாகவே இருந்திருக்கிறது. உயிர்கள் போன பிறகே அது அறிக்கையில் எழுதப்பட்டது.

மன்னாரின் புல்வெளிக்கும் இது பொருந்தும். ஆடுமாடு மேயாவிட்டால் குறும்புல் நிலம் முட்புதராகும். வாலாட்டியும் நெட்டைக்காலியும் குறும்புல்லில் நடந்து இரை தேடுபவை, புதர் மூடிய நிலம் அவற்றுக்கு உதவாது. ஆக, இந்தக் குருவிகள் செப்டெம்பரில் இங்கே இறங்குவதற்கு மேய்ப்பவரும் ஒரு காரணம். மேய்ச்சல் தரையைக் கேட்டுப் போராடும் பண்ணையாளரின் கோரிக்கையும் புல்வெளிப் பறவைகளுக்கான கோரிக்கையும் ஒரே காணியைப் பற்றியவை.

இதற்கு நேர்மாறான உதாரணம் பாக்கு நீரிணையின் அக்கரையில் இருக்கிறது. தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வலசை வரும் பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காகப் பல தசாப்தங்களாகத் தீபாவளிக்கு வெடி கொளுத்துவதில்லை. யாரும் அவர்களை வெளியேற்றவில்லை. அவர்கள் அங்கே இருப்பதால்தான் அந்தக் கட்டுப்பாடு நடக்கிறது.

யார் எண்ணுவது?

போர்க்காலத்தில் வடக்கில் பறவைகளை ஒழுங்காகக் கணக்கெடுக்க முடியவில்லை. தொலைநோக்கியை கையில் வைத்துக்கொண்டு கடற்கரையில் நின்றால் ஒருவருக்கு என்ன நடந்திருக்கும் என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை. கடல்வலயத் தடை, உயர்பாதுகாப்பு வலயம், கண்ணிவெடிப் பலகை என்று நிலமே மூடிக் கிடந்தது. அக்கரையில் கோடியக்கரையில் அதே காலத்தில் ஆயிரக்கணக்கான பறவைகளின் கால்களில் வளையம் மாட்டிப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். ஒரே பறவை அங்கே எண்ணப்பட்டது. இங்கே எண்ணப்படவில்லை. முன்பு எவ்வளவு இருந்தது என்ற அடிப்படைக் கணக்கு இல்லாததால், இப்போது எவ்வளவு குறைந்தது என்று நிரூபிக்க முடியாத நிலை. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களிடம் ஆதாரம் கேட்கப்படும் நாட்டில், பதிவு இல்லாமல் போவதன் விலை எவ்வளவு என்பது நமக்குத் தெரியும்.

அந்தப் பதிவை இனியாவது ஊரே தொடங்கலாம். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. ஓகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் வரை வாரத்தில் ஒரு நாள், அதே பாதையில், சூரியன் உதித்து ஒரு மணிநேரத்துக்குள் நடக்க வேண்டும். கண்ட குருவியின் பெயர், எண்ணிக்கை, நேரம், காற்று சோளகமா வாடையா, முகில் எப்படி, மாடு மேய்கிறதா, நீர் நிற்கிறதா என்று எழுத வேண்டும். பெயர் தெரியாவிட்டால் நிறமும் வாலாட்டும் விதமும் போதும். ஒரு குருவியும் காணாத நாளையும் எழுத வேண்டும், அதுவும் தரவுதான். கோபுரத்தின் அடியிலோ மின்கம்பியின் கீழோ இறந்து கிடக்கும் பறவையைக் கண்டால் திகதியும் இடமும் தெரியும்படி படமெடுத்து வைக்க வேண்டும். கைத்தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் இபேர்ட் செயலியில் ஏற்றினால் அந்தப் பதிவு உலகத் தரவுத்தளத்தில் திகதியோடு நிற்கும். பாடசாலை ஒன்று, மீனவர் சங்கம் ஒன்று, மாதர் சங்கம் ஒன்று என்று பாதைகளைப் பிரித்துக்கொள்ளலாம். தென்கடல் எப்போது வடகடலுக்கு மாறும் என்று காற்றை வைத்துச் சொல்லும் மீனவருக்கு, எந்தக் காற்றில் எந்தக் குருவி வருகிறது என்பதைக் கவனிப்பது கடினமான காரியம் அல்ல.

அதோடு அரசாங்கத்திடம் கேட்க வேண்டியவையும் தெளிவாக இருக்க வேண்டும். தீவில் ஏற்கெனவே இயங்கும் காற்றாலைகளின் பறவைக் கண்காணிப்புத் தரவுகளும் இறப்புப் பதிவுகளும் தமிழில் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். முகில் தாழ்ந்த வலசை இரவுகளில் இறக்கைகளை நிறுத்தும் நடைமுறை எழுத்தில் வர வேண்டும். மேய்ச்சல் தரையும் புல்வெளியும் பிரதேச காணிப் பயன்பாட்டுத் திட்டத்தில் தனி வகையாகக் குறிக்கப்பட வேண்டும். எந்தப் புதிய சரணாலயமோ ஒதுக்கக் காடோ, இடம்பெயர்ந்து திரும்பியவர்களின் உரிமைக் கோரிக்கைகள் விசாரித்து முடிக்கப்படாமல் வர்த்தமானிக்குப் போகக் கூடாது. காற்றாலையோ கனிய மணலோ, தீவு மக்களின் சம்மதம் எந்த வடிவில் பெறப்படும் என்பது சட்டத்தில் எழுதப்பட வேண்டும். ஒரு ஜனாதிபதி தரும் வாக்குறுதி அடுத்த ஜனாதிபதியைக் கட்டுப்படுத்தாது.

பறவைகளை மக்கள் போராட்டத்தின் பதாகைக்கு மட்டும் பயன்படுத்திவிட்டு மறந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. திட்டம் நின்றதும் குருவியும் மறந்துபோனால், அடுத்த திட்டம் வரும்போது மறுபடியும் கையில் கணக்கு இருக்காது. நாம் எண்ணத் தொடங்கினால் அதை நிறுத்தாமல் எண்ண வேண்டும். நம் பக்கத்துத் தவறுகளையும் அந்தக் கணக்கில் எழுத வேண்டும். புல்வெளியில் கொட்டப்படும் பிளாஸ்ரிக், கவண் எடுத்துத் திரியும் சிறுவர்கள், விற்பதற்காக நிரப்பப்படும் பள்ளங்கள் எல்லாம் கோபுரங்களைப் போலவே பதிவாக வேண்டியவை.

ஒக்டோபரில் காற்று வாடைக்குத் திரும்பி முதல் மழை விழும். மேய்ச்சல் தரையில் புதுப்புல் வரும். செப்டெம்பரில் வந்த வாலாட்டிகளில் ஒரு பகுதி தீவிலேயே தங்கிவிடும், மீதி கட்டுக்கரைக் குளத்து வயல்வெளிகளையும் அதற்கு அப்பாலும் தேடிப் போகும். மார்ச், ஏப்ரலில் அவை இதே வழியாகத் திரும்பும். அந்த நேரத்தில் இன்னொரு திட்ட வரைபடம் ஏதாவது ஒரு மேசையில் விரிக்கப்பட்டிருக்கக்கூடும். அதில் இந்தத் தரைகள் ‘வெற்று’ என்று எழுதப்பட்டிருந்தால், இல்லை என்று காட்டுவதற்கு ஒரு பருவத்துப் பதிவேடாவது ஊரின் கையில் இருக்க வேண்டும்.